எந்தக் கடல்பாசி?

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ரமலான் மாதம். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் நோன்பு திறப்பதற்குக் கடல்பாசி காய்ச்சிக்கொண்டிருந்தேன். கை நடுங்கி, பால் முழுவதும் அடுப்பில் கொட்டிவிட்டது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே உடம்பு சரியில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு படபடக்கும். ஃபேனுக்கு அடியிலும் வியர்க்கும். நன்றாகத்தான் சாப்பிட்டேன், ஆனால் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிக்கொண்டே போனது.

உள்ளூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். திருநெல்வேலிக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். அதுவரைக்கும் கடல் மீன், கருவாடு, கடல்பாசி, அயோடின் உப்பு எதையும் தொடக்கூடாது என்றார்கள். சொன்னபடியே இருந்தேன். மற்றவர்களுக்குக் கடல்பாசி காய்ச்சிக் கொடுத்தேனே தவிர, ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

பெருநாள் கழிந்து என் கணவரோடு ஸ்கேனுக்குப் போனேன். காத்திருந்த இடத்தில் பக்கத்தில் ஒரு அக்கா, சிவகிரிக்காரர். அவருக்கும் தைராய்டுதான். பேசிக்கொண்டே நான் பையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு பச்சை மாத்திரையை எடுத்தேன்.

"என்ன மாத்திரை தங்கச்சி?"

"மாத்திரை இல்லக்கா, சத்துக்கு. கொழுந்தன் துபாய்ல இருந்து கொண்டாந்தான். கடல்ல வளருத செடியாம், ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாதாம்."

முழங்கால் வலிக்கென்று ஆரம்பித்தது அது. உடம்பு இளைக்க இளைக்க, ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டு வந்தேன்.

"கடல்பாசி கூடாதுன்னு ஒனக்குச் சொல்லலையா?"

"அதத்தான் நான் தொடவே இல்லையேக்கா. பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சுவோம்லா, அதுதான?"

அக்கா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ். அவருக்கும் புரியவில்லை, என் கணவருக்கும் புரியவில்லை.

"எனக்குந் தெரியலம்மா. ஆனா கடல்ல வளருதுன்னு நீதான சொல்லுத? கருவாட்டுக் கொழம்பு சாப்ட்டதுக்கே போன தடவ என்னத் திருப்பி அனுப்பிட்டாக. கேட்டுருவோம்."

அதற்குள் நர்ஸ் என்னைக் கூப்பிட்டுவிட்டார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, திட்டு வாங்கி வெறுங்கையோடு திரும்ப வேண்டுமா என்று எனக்குத் தயக்கம். அக்காவோ என் கையைப் பிடித்துக்கொண்டே கூட வந்தார். "சிஸ்டர், இந்தப் புள்ள ஏதோ சாப்பிடுது. டாக்டர்ட்ட காட்டிட்டு அப்புறம் ஸ்கேன் மருந்து குடுங்க" என்றார்.

டாக்டர் டப்பாவைப் பார்த்ததும் ஸ்கேனை நிறுத்திவிட்டார். அதுவும் ஒரு கடல்பாசிதான், அயோடின் நிறைந்த வேறு வகை. தைராய்டு தாறுமாறாகச் சுரக்க அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஸ்கேன் எடுத்திருந்தால் முடிவு தப்பாக வந்து, வைத்தியமே வேறு பக்கம் போயிருக்குமாம்.

நான் கேட்டேன். "அப்ப கடல்ல வளருதது ஒடம்புக்கு ஆகாதா சார்?"

"அப்படிச் சொல்லலம்மா. அயோடின் இல்லாட்டியும் தைராய்டு கெட்டுப்போகும். ரத்தப் புற்றுநோய்க்குப் போடுத ஒரு ஊசி மருந்தையே கடல் பஞ்சுங்கிற உயிரியப் பாத்துத்தான் கண்டுபிடிச்சாங்க. ஆனா அதெல்லாம் சோதிச்சு, ஆளுக்குத் தக்கன அளந்து குடுக்கது. இத நீங்களா அள்ளிப் போட்டிருக்கீங்க."

நல்லதா கெட்டதா என்று கேட்டால் இரண்டும் என்கிறாரே! பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. வெளியே வந்து பார்த்தால் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. ஸ்கேனுக்கு உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் நாங்களும் கிளம்பிவிட்டோம். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மாத்திரையை நிறுத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் படபடப்பு அடங்கியது. சில மாதங்களில் ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்தது, ஸ்கேனே தேவைப்படவில்லை.

கடலில் விளைவதில் எது மருந்து, எது ஆபத்து என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது; ஆனால், "தெரியல, கேட்டுருவோம்" என்று சொல்ல அன்று ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான் நான் பிழைத்தேன் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை.