சவுக்கு மரத்தில் தொங்கிய தாள்

பேருந்தில் கையில் திணித்த விடுதி விளம்பரத்தில் 'இயற்கை நடை' என்று எங்கள் சவுக்குத் தோப்பின் படம் இருந்தது. பற்றிக்கொண்டு வந்தது.

காலடியில் சருகு மெத்தென்று அமுங்க, இரைவது காற்றா கடலா என்று தெரியாமல், கிடைத்த தாளையெல்லாம் மடித்தபடி அந்நாளில் அதன் வழியே பள்ளிக்கு நடப்பேன். சருகு வாரும் முனிம்மா அத்தை எப்போதாவது எதிர்ப்படுவாள்.

"இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு நண்டா, படகா?"

ஒருநாள் மரத்தில் ஆணியடித்திருந்த தாளைக் கிழித்து நண்டு செய்து கொடுத்தேன்.

"சோக்கா கீதுடி!"

தோப்பைச் சுற்றி வேலி வந்த பிறகுதான், அத்தை வீட்டில் அந்த நண்டைப் பிரித்துப் படித்தேன். நிலம் கைமாறுகிறது, ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம் என்றிருந்தது. அந்த வழியில் நடந்தவர்களில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வெகுகாலம் என்மேல்தான் கோபம். இப்போது இல்லை. சருகு வாரும் பெண்கள் மட்டுமே பார்க்கும் மரமாகத் தேடி ஆணியடித்தவர்களுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.