மலை ஏறாத மலைக்காவலர்

டாக்டர் ஞானமணி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் நம் அலுவலகத்தின் பழைய டிரைவர் முனுசாமி. திருநின்றவூர் ஸ்டேஷனில் பார்த்தேன். "இன்னா மேடம், பேப்பர் பாக்கலியா? நம்ம பெர்சு பூட்ச்சு" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "நல்ல மன்சன்னு சொல்லணும், இல்ல?" என்று என்னையே கேட்டார். ரயில் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

அவருடன் வேலை பார்த்தவர்களே, அம்பத்தூர் இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து அவரை 'மலைகளின் காவலர்' என்றீர்கள். நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். அவர் ஏறிய அதிகபட்ச உயரம் அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலம். அதிலும் பாதியில் நின்று மூச்சு வாங்குவார்.

மண்ணூர்பேட்டை அலுவலகத்தில் அவர் தலைமையில் நாம் செய்த வேலை உங்களுக்குத் தெரியும். செயற்கைக்கோள் எடுத்த மலைப் படங்களை அடியில் விளக்கு எரியும் மேஜையில் விரித்து, காட்டுத்தீ எங்கே எளிதில் பற்றும் என்று வரைபடம் போடுவோம். ஆபத்தான சரிவுக்குச் சிவப்பு, பயமில்லாத சரிவுக்குப் பச்சை. தேனிப் பக்கத்து மலை ஒன்றுக்கு அவர் வாங்கி வந்தது டிசம்பர் மாதப் படம். மழை முடிந்த கையோடு எடுத்தது. மேற்குச் சரிவு முழுக்கப் புல், மாசியில் காய்ந்துவிடும், கோடைப் படமும் வேண்டும் என்றேன்.

"மேகம் இல்லாம ஒரு படம் கெடச்சதே பெருசும்மா. மலை எங்க ஓடிடப் போவுது? சேட்டிலைட் பொய் சொல்லாது" என்றார்.

கூட்டத்தில் நீங்கள் நெகிழ்ந்து மேற்கோள் காட்டியதும் இதைத்தான். சேட்டிலைட் பொய் சொல்லவில்லை. டிசம்பரைப் பற்றி உண்மையைச் சொன்னது. பங்குனிக்கும் அதுவே போதும் என்று கையெழுத்துப் போட்டவர் இவர். மேற்குச் சரிவுக்குப் பச்சை பூச நான் மறுத்ததும் அவரே பூசினார். ஓரத்தில் 'கோடைப் படம் பார்க்கப்படவில்லை' என்று எழுதி வைத்தேன். சவர பிளேடால் சுரண்டி எடுத்தார். அந்த மேஜையில் அவர் அவ்வளவு கவனமாக வேலை செய்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

வரைபடத்தை நம்பி வனத்துறையினர் தீக்காவல் ஆட்களைக் கிழக்கே நிறுத்தினார்கள். பங்குனியில் தீ மேற்கிலிருந்து ஏறியது. பச்சைப் பக்கம்தானே என்று அந்த வழியாக இறங்கிய காவலாளி ஒருவர் கருகிப்போனார்.

அந்தக் காவலாளியின் தம்பி மாயாண்டி, கையில் தீக்காயக் கட்டும் சுருட்டிய வரைபடமுமாக நம் அலுவலகத்துக்கு வந்தார். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்ததும் டாக்டர் போட்டோ கழுவும் இருட்டறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார்.

"இத வரைஞ்ச ஐயாவப் பாக்கணும்மா. சண்டைக்கு வரல. எங்க சரிவுக்கு ஏன் பச்சையப் போட்டாருன்னு கேட்டுட்டுப் போயிருவேன்."

நான் இருட்டறைக் கதவைத் தட்டினேன். "சார், உங்களப் பாக்க வந்திருக்காங்க."

"நான் இல்லன்னு சொல்லிடும்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மாயாண்டி என்னைப் பார்த்தார். டிசம்பர் படத்தை வைத்துப் போட்டது, கோடைப் படம் வாங்கவே இல்லை என்று அவரிடம் நானே சொன்னேன். கதவுக்கு உள்ளேயும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"சரிம்மா. இல்லன்னே வச்சுக்கறேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பிறகு தாழ் விலகியது. "போயிட்டானா? ஒரு டீ சொல்லு" என்றார் மலைகளின் காவலர்.

தீக்குப் பிறகு கோடைப் படம் தானாக வந்து சேர்ந்தது. அடுத்த மாசியில் நான் லீவு போட்டு அந்த மலைக்குப் போனேன். மாயாண்டி கூடவே நடந்து வந்தார். சரிவைப் பார்த்து, படத்தோடு ஒப்பிட்டு, சிவப்புப் போட்டேன். டாக்டர் அந்தப் புது வரைபடத்தைத் தன் பெயரில் அனுப்பிப் பாராட்டுக் கேடயம் வாங்கினார். கூட்டத்தில் நீங்கள் மாலை போட்டு வைத்திருந்தது அந்தக் கேடயத்துக்குத்தான்.

அவர்மீது எனக்கிருந்த மரியாதை அந்தக் கதவோடு போயிற்று. கோபமும் காலப்போக்கில் போய்விட்டது. மிஞ்சியிருப்பது இளக்காரம். அதை நான் விடப்போவதில்லை. மிதித்தே பார்க்காத மண்ணுக்கு உத்தரவாதம் எழுதித் தருபவர்கள் இன்னும் கையெழுத்துக் கேட்டு என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிறார்கள். அவர்களைக் கேள்வி கேட்க இந்த இளக்காரத்தைத் தவிர எனக்கு வேறெதுவும் தேவைப்படுவதில்லை.