ரசம் கேட்ட இன்ஜினியர்

எழுபதுகளில் மாண்ட்ரியலில் ஒரு தமிழ் டாக்டர் வீட்டில் சமையல்காரனாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஒரு இன்ஜினியர் வருவார். ஒல்லியானவர். கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். மற்றவர்கள் கூடத்தில் விஸ்கியோடு உட்காருவார்கள். இவர் குடியை விட்டவர். அதனால் சமையலறையில் என்னோடு உட்கார்ந்து, ஜான்-டலோன் சந்தைத் தக்காளியில் நான் வைத்த ரசத்தைக் கண்ணாடி டம்ளரில் குடிப்பார். கூடவே அவர் கொண்டுவரும் டேப்பில் ஒரு இங்கிலீஷ் பாட்டு ஓடும். அது முடிவதற்குள் நிறுத்திவிடுவார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பாடுகிறவன் குரலை வைத்தே பாட்டுக்கு அர்த்தம் கண்டுபிடித்திருந்தேன். ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "பாவம் சார், கட்டினவ ஏமாத்திட்டுப் போயிட்டா" என்று கண்ணைத் துடைத்தேன். அத்தனையும் வெங்காயத்தால் வந்த கண்ணீர் இல்லை.

"ஏமாத்தினதே இவன்தான்பா. குடிக்கறதுக்காக அவ மோதிரத்தைத் திருடி வித்துட்டான்."

"அப்புறம் இவன் ஏன் சார் அழறான்?"

"குடிகாரன் நல்லா அழுவான்."

இத்தனை வாரமும் நான் திருடனுக்காக அழுதிருக்கிறேன்.

"கடைசியில என்ன சார் வருது?"

"இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்றான்."

"நல்ல இடமாச்சே! அங்க போய் நிறுத்தறீங்களே?"

"அந்த இடத்தை அவனைவிட நான் நல்லாப் பாடுவேன். என் வீட்டுல கேட்டுப் பாரு."

கூடத்தில் பெரிய சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா."

அன்று டேப்பை மறந்துவிட்டுப் போனார். நான் கடைசிவரை கேட்டேன். ஒரு சொல்லும் புரியவில்லை. திருடன் என்று தெரிந்தும் அவன் சத்தியத்தை நம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரசம் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன்.