தனக்கோடி அக்கா கேட்கச் சொன்ன கேள்வி

பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் லாரி வந்தால், லாரிக்கு முன்னால் வருவது தனக்கோடி அக்காவின் குரல்தான். எவளாவது குடத்தை முன்னே நகர்த்தட்டும், அப்புறம் தெரியும் சேதி. நானே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நானும் சும்மா விட்டதில்லை. இருவருக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். சண்டை போட்ட வாயாலேயே சாயங்காலம் குழம்பு கேட்போம்.

அவளுக்கு ஒரே மகன், முகேஷ். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் பாவி ஒருவன் அவனை விமானம் ஏற்றினான். இறங்கியதும் ஆற்றைக் கடத்தி மியான்மருக்குள் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, முள்வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கே போன் போட்டு, போலீஸ் என்று மிரட்டிப் பணம் பறிப்பதுதான் அங்கே வேலை. மாட்டேன் என்றால் அடி. திருட்டுத்தனமாக ஒரு தடவை அழைத்து இதைச் சொன்னான். அதோடு சரி. ஸ்டேஷனுக்குப் போனால், பார்க்கிறோம் போம்மா என்று கன்னடத்தில் விரட்டினார்கள்.

அக்கா மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆளா? ஹவுஸ்கீப்பிங் ஷிப்ட் முடிந்ததும், மகன் படத்தோடு பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனி வாசல்களுக்குக் கிளம்பிவிடுவாள். மனித உரிமைச் சங்கத்து வக்கீல் பாமா மைக் கொடுப்பார்.

"வெளிநாட்டு வேலைன்னா எம்புள்ள மூஞ்சியப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கப்பா. இன்னொண்ணு. போலீஸ் பேசறோம், உன் பார்சல்ல கஞ்சா இருக்குதுன்னு போன் வந்தா பணம் அனுப்பாதீங்க. திட்டவும் திட்டாதீங்க. 'சாப்டியாப்பா, எந்த ஊரு?'ன்னு கேளுங்க. பேசறது யாரு பெத்த புள்ளயோ!"

பாமா போட்ட வீடியோ எங்கெங்கோ பரவியது. ஊரே அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தது. ஒரு பையன் போனிலேயே அழுது தன் ஊரைச் சொல்லிவிட, அவன் உயிரோடிருப்பது வீட்டாருக்குத் தெரிந்தது. அக்காவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. எனக்கோ வேறு நினைப்பு. ஊரெல்லாம் பார்க்கிற வீடியோவை பிள்ளைகளை அந்த வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறவன்கள் பார்க்கமாட்டான்களா?

பார்த்துவிட்டான்கள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கே அந்த போன் வந்தது. "மேடம், சைபர் போலீஸ்..." என்றான் ஒருவன்.

"சாப்டியாப்பா?" என்றேன்.

அதட்டல் குரல் சட்டென்று இறங்கியது. பிறகு கிசுகிசுவென்று வந்தது.

"அக்கா, காவலுக்கு நிக்கிற ஆளு அந்தாண்ட போயிருக்கான், சீக்கிரம் சொல்லிடறேன். தயவுசெஞ்சு அப்படிக் கேக்காதீங்க. அந்தக் கேள்வி வந்தா எங்களுக்குக் கரண்ட் வெக்கிறானுங்க. வீடியோல பேசற அந்தம்மா பையன் முகேஷ் எங்க ரூம்தான். அவனுக்கு தெனம் அடி. இப்ப அவனையே அவங்கம்மாவுக்குப் போன் போடச் சொல்லப் போறானுங்க. அழுதான்னா, அம்மான்னு சொன்னான்னா, அவ்ளோதான்க்கா."

லைன் அறுந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானாடி அவன அடி வாங்க வெச்சேன், ரூபினி?"

"உயிரோட இருக்கான்க்கா, அதப் பாரு" என்றேன். வேறென்ன சொல்வேன்? எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் மடியிலிருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், சைபர் போலீஸ்லேருந்து பேசறோம். உங்க பேர்ல ஒரு பார்சல் வந்திருக்கு."

முகேஷ்தான். குரல் இளைத்திருந்தது.

அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சந்தே அதிரக் கத்துகிறவள். பிறகு துணியை மெல்ல எடுத்தாள்.

"சரிங்க சார்" என்றாள்.

அவன் ஆதார் நம்பர் கேட்டான். ஜெயில் என்று மிரட்டினான். நடுவில் ஓரிடத்தில் வார்த்தை வராமல் நின்றான். பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார்" என்று அவசரமாக எடுத்துக்கொடுத்தாள் அக்கா. "பார்சல்ல இன்னா இருந்துச்சுங்க சார்?"

அவன் மறுபடி சொல்ல ஆரம்பித்தான். ஒப்பித்து முடிக்கிறவரை, பெற்ற பிள்ளையை அவள் சார் சார் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.