அவள் இறங்க வேண்டிய ஸ்டாப்

இன்று கும்பகோணத்திலிருந்து வந்த பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. முக்காடு போட்ட பள்ளிக்கூடத்துப் பெண் ஒன்று என்னைப் பார்த்ததும் எழுந்தது.

“என் ஸ்டாப் வந்துடுச்சு தாத்தா, உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பாபநாசம் வந்தது, போனது. அந்தப் பெண் இறங்கவில்லை. பின்படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றது. ஒரு தடவை பார்த்த முகம் எனக்கு மறக்காது.

அய்யம்பேட்டையில் நான் இறங்கினால், தோழியோடு அதுவும் இறங்குகிறது!

“ஏம்மா, ரம்ஜான் நோன்பு வச்சுக்கிட்டா இவ்வளவு தூரம் நின்னே?”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தாத்தா. செய்யுற நல்லது யாருக்கும் தெரியாம செய்யணும்னு பள்ளிவாசல் மார்க்க வகுப்புல இந்த வாரம் சொல்லியிருக்காங்க.”

தோழி விடவில்லை. “அதுக்கு ஸ்டாப் வந்துடுச்சுன்னு பொய் சொல்லுவியாடி? நோன்பு என்னத்துக்கு ஆவும்?”

பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

“பொய் எங்கம்மா சொன்னே? இதுதானே ஒன் ஸ்டாப்பு? பஸ்ஸுதான் மெதுவா வந்துச்சு” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது.

எனக்கு எழுத வராது. நான் பேசப் பேச போனே எழுதிக்கொள்கிறது. போனையும் உங்களையும் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பேரையும் நான் கேட்கவில்லை.

நான் இங்கே சொல்லிவிட்டதால் அந்தப் பிள்ளைக்கு நன்மை குறையாதுதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.