காலை எட்டு மணிக்குச் செத்துப்போகும் வரைபடங்கள்

"எல்லாரும் மேல வானத்தப் பாக்குறானுங்க. ஒருத்தனாவது கீழ தேதியப் பாக்குறானா பாருங்கலா!"

எவலின் இதைத் தினமும் சொல்வார். மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது ஒரு தடவை, பசியாறும்போது ஒரு தடவை, சாயங்காலம் அறையைப் பூட்டும்போது ஒரு தடவை. இதைக் கேட்டு யாரும் தேதியைப் பார்த்ததாக இதுவரை தகவல் இல்லை.

கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் இருபது நிமிடம் போனால் ஒரு விமானப் பள்ளி வரும். முன்பு தோட்டத்துத் துரைமார்கள் இறங்கிய ஓடுபாதை அது. இப்போது மூன்று குட்டி விமானங்கள் நிற்கின்றன. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வந்து ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். எவலின் அங்கே விமானம் ஓட்டுகிறவர் இல்லை. விமானத்தில் ஏறியதுகூட இல்லை. லங்காவித் தீவுக்கே ஃபெர்ரியில்தான் போய் வந்தார். அவருக்கு வரைபட அறையில் வேலை.

அதற்கு முன்பு லூனாஸில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் பத்தொன்பது வருடம் இருந்தார். ரசாயனப் பீப்பாய்களில் காலாவதித் தேதி பார்ப்பது அவர் பொறுப்பு. தேதி பார்த்துப் பார்த்துப் புருஷனையும் பிள்ளையையும்கூட அந்தக் கண்ணோடுதான் பார்த்தார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கலியாணமாகி ஜொகூரில் இருக்கிறாள்.

வரைபட வேலை என்பது இதுதான். விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் வழிகாட்டும் படங்கள் உண்டு. எங்கே மலை, எங்கே கோபுரம், எந்தத் தளத்துக்கு எந்த அலைவரிசை என்று எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் நான்கு எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. கம்ப்யூட்டருக்கு ஊர்ப் பெயர் தெரியாது, அந்த நான்கு எழுத்துதான் தெரியும். இதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இருபத்தெட்டு நாளைக்கு ஒரு முறை, ஒரு வியாழக்கிழமை, உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பழைய படங்கள் செத்துப் புதியவை உயிர் பெறும். நம் ஊருக்கு அது காலை எட்டு மணி.

கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. வியாழக்கிழமை யாருக்கும் வேலையில் மனசு இருக்காது. அன்றைக்குத்தான் எவலினுக்கு உயிர் போகிற வேலை. விமானத்திலிருந்து பழைய புத்தகத்தை எடுத்து, புதியதை வைத்து, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு வருடத்தில் ஒரு வியாழனைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் பள்ளியின் மேனேஜர் குணாளன் மூன்று டேப்லட் வாங்கிக்கொண்டு வந்தார். புதிய படங்களை அவை இரவோடு இரவாகத் தாமாகவே இறக்கிக்கொள்ளுமாம்.

"ஆன்ட்டி, வருசக் கடைசியோட பேப்பரு வேணாம். நீங்களும் ரெஸ்ட் எடுக்கலாம்."

"நான் ரெஸ்ட் கேட்டனா பாஸ்?"

"அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வருது. அதுல ஒரே ஒரு பழைய பேப்பர் கெடச்சாலும் வருசக் கடைசிகூட இல்ல, அன்னிக்கே உங்க ரூம மூடிருவேன்."

வேலை போனால் எவலின் ஜொகூருக்குப் போய் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பேரன் மேல் பாசம் உண்டு. மருமகன் மேல் கிடையாது. அவன் சமையலறைக்கு வந்து சட்டியைத் திறந்து பார்க்கிற ஆள். அந்த வீட்டில் ஆறு மாதம் இருந்தால் ஒன்று அவன் இருக்கமாட்டான், இல்லையென்றால் இவர் இருக்கமாட்டார்.

இன்ஸ்பெக்‌ஷனுக்குக் குறித்த நாள் போன வருடம் அக்டோபர் இரண்டு. வியாழக்கிழமை. படம் மாறும் நாளும் அதுவே. அந்த ஓடுபாதையின் நான்கு எழுத்தும் அன்றைக்குத்தான் மாறியது. எல்லாம் போதாதென்று அன்றைக்கே விஜயதசமி.

முதல் நாள் புதன்கிழமை, விமானம் நிறுத்தும் ஹேங்கரில் ஆயுத பூசை. மெக்கானிக் மனோகரன்தான் எல்லாம். விமான மூக்குகளுக்கு மாலை, ஸ்பானர்களுக்குப் பொட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பிறகு வரைபட அறைக்கு வந்தார்.

"அக்கா, புத்தகம் மூணும் குடுங்க. சாமி முன்னாடி வைக்கணும்."

"ஸ்பானர் வச்சது பத்தாதா மனோ?"

"சரஸ்வதி பூசக்கா. ஸ்பானர மட்டும் வச்சா சாமி இத பட்டறன்னு நெனச்சிக்கும்."

"நீ குங்குமத்த அள்ளி வப்ப. ஓட்டப் பழகுற பயலுங்க அத மலைன்னு நெனச்சி சுத்திக்கிட்டுப் போவானுங்க."

"அட்டையில மட்டும் வைக்கிறேன்கா. சத்தியமா."

எவலின் கத்தோலிக்கர். பூசைக்கு மறுக்கிறார் என்று பேச்சு வரக்கூடாது, புதிய புத்தகத்தில் சந்தனமும் ஒட்டக்கூடாது. அதனால் விமானங்களில் இருந்த போன மாதத்துப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். எப்படியும் நாளைக்குச் சாகப்போகிறவைதானே. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தினமும் தேதி தேதி என்று கத்துகிறவர், அந்த ஒரு நாள் வாயை மூடிக்கொண்டார்.

மனோகரன் டேப்லட்டையும் விடவில்லை. அதுவும் புத்தகம்தானே! மூன்றையும் அணைத்து, மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி முன்னால் வைத்தார். மறுநாள் பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. குணாளன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். அணைத்த டேப்லட் ராத்திரி எதை இறக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. நிறைய லைக் வந்தது.

வியாழன் காலை ஏழு பத்துக்கு எவலின் மூன்று விமானங்களிலும் புதிய புத்தகங்களை வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பசியாற பீடோங்குக்குப் போனார்.

ஏழரைக்கு மனோகரன் கற்பூரம் காட்டிப் பூசையை முடித்தார். புத்தகங்களை எடுத்துக்கொண்டு விமானத்துக்குப் போனால், அங்கே பொட்டில்லாத புத்தகம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே நிறம், ஒரே அட்டை. தேதி மட்டும் மூலையில் எறும்பு அளவுக்கு. எது பழையது என்று அவர் எழுத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை, பக்தியை வைத்து முடிவு செய்தார். சாமி முன்னால் வைத்ததுதானே நல்லதாக இருக்கும்! பொட்டு வைத்ததை விமானத்தில் வைத்தார். பொட்டில்லாததைக் கொண்டுபோய் எவலின் அறையில், காலாவதி என்று எழுதிய பெட்டியில் போட்டார். மூன்று விமானத்துக்கும் அப்படியே, ரொம்பப் பொறுப்பாக.

ஒன்பது மணிக்கு, எவலின் பசியாறித் திரும்பிய கையோடு, ஆய்வு அதிகாரி வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, அமைதியானவர். முதல் விமானத்தைத் திறந்து புத்தகத்தை வெளியே எடுத்தார். விரலெல்லாம் சந்தனம். மூலையில் தேதியைப் பார்த்தார். உள்ளே புரட்டினார், ஓடுபாதைக்குப் பழைய நான்கு எழுத்து. இரண்டாவது விமானம், அதே. மூன்றாவது, அதே. அதில் மட்டும் ஒரு செவ்வந்திப் பூவும் இருந்தது.

குணாளன் எவலின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா ஆன்ட்டி? நான் அன்னிக்கே சொன்னேன்." பிறகு அதிகாரியிடம் மலாயில், "பேப்பருன்னாலே இதுதான் புவான். இனிமே எங்களுக்கு எல்லாம் டேப்லட்தான்," என்று மஞ்சள் துணியை அவிழ்த்தார்.

டேப்லட் விழித்தது. திரையில் சிவப்பாக, காலாவதி. அடுத்ததும் சிவப்பு. மூன்றாவதைத் திறக்க வேண்டாம் என்று அதிகாரி கையைக் காட்டினார்.

எவலினுக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. மனோகரனைத் தனியே இழுத்தார்.

"எதுக்குடா மாத்துன?"

"சாமிக்கு யாராவது காலாவதியானத வைப்பாங்களாக்கா? உங்க மாதாவுக்கு வாடுன பூ வைப்பீங்களா?"

எவலின் போய்ப் பதிவேட்டை எடுத்துவந்தார்.

அதில் எல்லாம் இருந்தது. ஏழு பத்து, மூன்று புத்தகம், கையெழுத்து. அதை நீட்டினால் இவர் தப்பிப்பார், மனோகரன் மாட்டுவார். விமானத்தில் இருந்ததை யாரைக் கேட்டு மாற்றினாய் என்று கேட்டால் மெக்கானிக்கின் லைசென்ஸுக்கே ஆபத்து. நீட்டாவிட்டால் ஜொகூர்.

எவலின் பதிவேட்டை நீட்டினார். நீட்டிக்கொண்டே மலாயில் சொன்னார். புதியதை வைத்தது நான்தான். ஆனால் பழையதைப் பழையது என்று சொல்லாமல் பூசைக்குக் கொடுத்ததும் நான்தான். அவன் நல்லதென்று நம்பித்தான் மாற்றினான். தப்பு என்னிடத்தில் ஆரம்பித்தது, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு புதியவை எங்கே என்று கேட்டார். எவலின் காலாவதிப் பெட்டியிலிருந்து மூன்றையும் எடுத்து வந்து, பத்து நிமிடத்தில் மூன்று விமானத்திலும் வைத்தார். அந்த இடத்திலேயே உயிரோடு இருந்த படம் அந்த மூன்றுதான். அவையும் குப்பையில் கிடந்தன.

"பேப்பருக்கும் டேப்லட்டுக்கும் சேர்த்து ஒரு பொறுப்பாளர் வேண்டும். பெயரை இப்போதே எழுதுங்கள்," என்றார் அதிகாரி. குணாளன் பெருமையாகத் தன் பெயரை எழுதினார்.

"அடுத்த மாற்றம் எந்தத் தேதி?"

குணாளன் ஹேங்கர் கூரையைப் பார்த்தார்.

"அக்டோபர் முப்பது," என்றார் எவலின்.

குணாளன் தன் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதும்வரை அதிகாரி பேனாவை மூடாமல் நின்றார்.

எவலினுக்கு வேலை நிலைத்தது. கூடவே டேப்லட்டைச் சார்ஜ் போடுகிற வேலையும் வந்து சேர்ந்தது. பள்ளியின் விதிமுறைப் புத்தகத்தில் இப்போது ஆயுத பூசைக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. சாமி முன்னால் வைக்கிற புத்தகத்தில் இரண்டு பேர் தேதி பார்க்க வேண்டும், மறுநாள் எடுக்கும்போது மறுபடியும் பார்க்க வேண்டும். மனோகரன்தான் இரண்டாவது ஆள். கண்ணாடி வாங்கிக்கொண்டார்.

ஆனால் குணாளன் சும்மா இருக்கிறவர் இல்லை. வரைபட அறைக்கு யாருமே வருவதில்லை, அதை டயர் ஸ்டோராக்கி எவலினை ஆபீஸ் மூலையில் உட்கார வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார். ஆதாரமாக வருகையாளர் புத்தகத்தைக் காட்டுகிறார். அதில் இந்த வருடம் இரண்டு பெயர்தான். ஒன்று கரையான் மருந்து அடிக்க வந்தவர்.

அதனால் சொல்கிறேன். பீடோங் பக்கம் போனால் செம்பனைக்குள் திரும்பி அந்த அறைக்குப் போங்கள். வெள்ளி, சனி பூட்டியிருக்கும், மற்ற நாளில் இருப்பார். படங்களைக் காட்டச் சொல்லுங்கள், வாய் ஓயாமல் காட்டுவார். கொஞ்சம் திட்டும் கிடைக்கும். சர்க்கரை வியாதி உண்டு, இனிப்பு வேண்டாம். மசால் வடை சூடாகக் கிடைத்தால் நாலு வாங்கிக்கொள்ளுங்கள். வருகையாளர் புத்தகத்தில் பெயரைத் தெளிவாக எழுதிவிட்டு வாருங்கள், குணாளன் வாசிக்கிற மாதிரி.