தலைதட்டிய கிண்ணம்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் பேனாவை எடுத்ததற்குப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காகிதம் திருப்பி முறைக்காது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். விஷயமும் பெரிதில்லை. சோற்றைப் பற்றியது.

என் வீட்டுக்காரர் கவரைப்பேட்டையில் ஒரு அரிசி மில்லில் எடை போடும் வேலையில் இருந்தார். சோற்றுப் பிரியர். நாற்பது வயது தாண்டியபோது செருப்பு கடித்த புண் ஒன்று மாதக்கணக்கில் ஆறாமல் நின்றது. ரயிலேறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். சர்க்கரை வியாதி என்றார்கள். டாக்டர் மருந்தைவிடச் சோற்றைப் பற்றித்தான் அதிகம் பேசினாராம். ஒரு வேளைக்குச் சின்னக் கிண்ணத்தில், விளிம்புக்கு மேல் குவியாமல் தலைதட்டி, ஒரு கிண்ணம் சோறு. கீரையும் காயும் வயிறு நிறையச் சாப்பிடலாம். மீறினால் கால் விரலுக்கு அவர் பொறுப்பில்லை.

வரும் வழியிலேயே ஒரு பித்தளைக் கிண்ணம் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

எங்களுக்குள் பேச்சு குறைவு. கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் அவர் முகத்தைப் பார்த்துச் சேர்ந்தாற்போல் ரெண்டு வார்த்தை பேச எனக்கு வராது. அவர் தட்டில் இன்னொரு கரண்டி போடுவேன். அவர் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிடுவார். அவர் எழுந்த பிறகு அதே தட்டில் நான் சாப்பிடுவேன். இப்படித்தான் எங்கள் காலம் ஓடியது. எங்கள் பக்கத்துக் களங்களில் கூலி நெல்லைக்கூட மரக்காலில் குவித்துத்தான் அளப்பார்கள். தலைதட்டி அளப்பவனைக் கஞ்சன் என்பார்கள். சொந்தப் புருஷனுக்கு நான் தலைதட்ட வேண்டுமாம்.

கிண்ணத்தில் சோற்றைப் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்துவேன். மேலே போட்டு மறுபடி அழுத்துவேன். அப்புறம் தலைதட்டுவேன். டாக்டர் சொன்னதையும் மீறவில்லை, அவர் வயிற்றையும் காயப்போடவில்லை என்று இருந்தேன். புண் மட்டும் அப்படியே இருந்தது.

அவருடைய அக்கா, என் நாத்தனார், பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். புருஷனை இழந்தவர். நடுவில் கீற்று வேலி ஒன்றுதான். ஒருநாள் சாயங்காலம் வந்தவர், நான் வைத்த கிண்ணத்தை எடுத்துத் தட்டில் கவிழ்த்தார். சோறு ஒரு பருக்கைகூட உதிராமல் கிண்ணத்தின் உருவத்திலேயே நின்றது.

"இன்னாடி இது, சோறா செங்கல்லா? ரெண்டு நாளு சூளையில வச்சா ஊடு கட்டலாம் போலகீதே!"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நாத்தனார் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுட்டது.

"நைனா, நாளையிலேர்ந்து ராத்திரி சோறு எங்கூட்ல துன்னு. இவ கையி அளவுல அடங்காது" என்று தம்பியிடம் சொன்னார்.

மறுநாள் விளக்கு வைத்ததும் என் வீட்டுக்காரர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

அன்றிலிருந்து என் வயிற்றில் எரிந்ததை எப்படிச் சொல்வது? அவர் சாப்பிட்ட தட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கழுவப்பட்டது. நான் வேறு தட்டில், ஒருத்தியாகச் சாப்பிட்டேன். சோறு இறங்கவில்லை. வேலியின் கீற்றை விலக்கிப் பார்ப்பேன். அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். நாத்தனார் அதே கிண்ணத்தால் தனக்கும் அளந்துகொள்வார். கீரைச் சட்டியில் கடைசியாக ஒட்டியிருப்பது யாருக்கு என்று சண்டை போடுவார்கள். என் வீட்டில் வாயே திறக்காத மனிதர் அங்கே மில் கதையெல்லாம் சொல்லுவார்.

கிணற்றடியில் பக்கத்துத் தெருக்காரி கேட்டாள்: "இன்னாக்கா, உங்கூட்டுக்காரரு அக்கா ஊட்டுக்கு விருந்தாளியா பூட்டாராமே? உனுக்கு வெறகு மிச்சம்!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் புண் ஓரம் காய ஆரம்பித்தது. நாத்தனார் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தம்பியின் காலைக் காட்டினார். ஆற வேண்டும் என்று கோயிலுக்கு நான் வேண்டிக்கொண்ட புண் அது. ஆறுவதைப் பார்த்து எனக்கு நிம்மதி வரவில்லை. யார் கைச் சோற்றில் ஆறுகிறது என்பதுதான் தெரிந்தது.

எப்படியாவது அவரை என் வீட்டில் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று, பழவேற்காட்டிலிருந்து கூடை சுமந்து வருகிற மீன்காரியிடம் மடவை வாங்கினேன். அவருக்கு அந்த மீன் என்றால் உயிர். குழம்பு கொதிக்கும்போது வேண்டுமென்றே பின்கதவைத் திறந்து வைத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "வாசன வேலிய தாண்டி வந்துட்ச்சி. கொயம்ப எடுத்துக்கினு நீயும் வர்றதுதானேடி!"

என் வீட்டுக்காரர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். குழம்புச் சட்டியைப் பார்த்தார். ஆனாலும் உட்காரவில்லை.

"இங்கியே சாப்டுங்க. அழுத்த மாட்டேன்" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

"அழுத்தறது மட்டுமில்ல" என்றார். "நீ கரண்டிய புடிச்சிக்கினு தலைக்கு மேல நிக்கிற. நா ஒரு ஒரு வாயா துன்றத பாத்துக்கினே கீற. சீக்காளிக்குப் போட்றாப்ல கீது. அக்கா எங்கூட குந்தி அதே அளவு துன்றா."

நான் இத்தனை நாளும் வேலி வழியாகப் பார்த்தது இதைத்தான். பார்த்தும், என் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் எரிந்துகொண்டிருந்தேன். அது என் இடமே இல்லை. நான் ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. புருஷன் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை எங்கள் வீடுகளில் யாரும் செய்ததில்லை.

அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினேன். அழுத்தாமல் ஒன்று அளந்து அவர் தட்டில் கொட்டினேன். சோறு உதிர்ந்து விழுந்தது. பின்கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு தட்டை எடுத்து எனக்கும் ஒன்று அளந்தேன். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, கீரைச் சட்டியை நடுவில் வைத்தேன். அவர் உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

தலை நிமிரவில்லை. அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

"எனக்குந்தான் கம்மி" என்றேன்.

அவர் சிரித்தார். கீரைச் சட்டியை என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டு முடித்தபோது எனக்கு வயிறு நிறையவில்லை. அவருக்கும் நிறைந்திருக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அது கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

மறுநாள் அவர் வழக்கமான நேரத்துக்கு மில்லுக்குப் போனார். நாத்தனார் கிணற்றடியில் என்னோடு பேசவில்லை. நான் ராத்திரிக்கு எங்கள் ரெண்டு பேருக்கும் அரைக்கீரை வாங்கி ஆய்ந்து வைத்தேன்.